ஜானகியக்காவின் மேலுக்கோட்டைச் சேலை

அவைத்தலைவர் நாகேஷ் அவர்களே, முன்வரிசை நாற்காலியை எவருக்கும் விட்டுக்கொடுக்காத தொம்மலூர்ப் பெரியோர்களே, ஈஜிபுராவிலிருந்து இடுப்பில் பிள்ளையோடு வந்திருக்கும் தாய்மார்களே, பின்னால் நின்று கூச்சல் போடும் என் தம்பிமார்களே, மன்றச் செயலாளர் கிருத்திகாவின் கனிந்த வணக்கம்!

நம் மன்றத்திலிருந்து மேலுக்கோட்டைக்குச் சுற்றுலா போனோம். மலைமேல் ஊர்! ஊருக்கு மேலே யோக நரசிம்மர்! தெருவுக்குள் நுழைந்தால் தறிச்சத்தம்! படியேறினோம், மூச்சிரைத்தோம், மேலே வீசிய காற்றில் இறங்கவே மனம் வரவில்லை. என்ன கேட்கிறீர்கள், புளியோதரையா? அதையும் ஒரு கை பார்த்தோம் ஐயா, கவலை வேண்டாம்!

ஊர் திரும்பும் நேரம். கோவிந்தப்பா என்ற நெசவாளரின் தறியில் அரக்குச் சிவப்பில் ஒரு சேலை. அதன் முன்னால் நம் ஜானகியக்கா உட்கார்ந்துவிட்டார். கணவரை இழந்து, ஆபீஸ்களில் கூட்டிப் பெருக்கி, ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த ஜானகியக்கா.

"ஸ்வல்ப இரும்மா, கொஞ்ச நேரம்தான், முந்தி மட்டும் பாக்கி" என்றார் கோவிந்தப்பா. எனக்கோ திரும்பும் வழியில் வரும் கெங்கேரி டிராபிக் கண்முன் நின்றது. கத்தினேன். "அக்கா, வேற எடுத்துக்கோங்க! பொண்ணுக்குத்தானே?"

"பொண்ணுக்கில்ல கிருத்திகா. எனக்கு. கல்யாணத்துக்கு."

கூட்டமே தறியைச் சுற்றி நெருங்கியது. யார் ஏசுவார்களோ என்று அக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நமக்குச் சமைத்துப்போட வந்த சிவசங்கரன் ஓடிவந்தார். "மாப்பிள்ளை நான்தாங்க. திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

"திட்டாம? எங்ககிட்டயே மூடி மறைச்சிருக்கியே, உனக்கு இருக்குய்யா!" என்றாள் நம் மன்றத்து மமதா. அடுத்த நொடி குலவையிட்டாள். குலவையென்றால் குலவை, தெருவே திரும்பிப் பார்த்தது!

பேருந்து நின்றது. முந்தி முடியும்வரை நின்றது. கெங்கேரியில் ஊர்ந்தோம். ஊர்ந்தால் என்ன, பாட்டும் கூத்துமாக ஊர்ந்தோம்!

அங்கே யாரோ முணுமுணுக்கிறீர்கள், "இந்த வயசுல எதுக்கு?" ஐயா, வேலை முடிந்து வீடு திரும்பும்போது "சாப்பிட்டியா?" என்று கேட்க ஒரு குரல் வேண்டாமா? காய்ச்சலில் கஞ்சி கொடுக்க ஒரு கை வேண்டாமா? அதற்கு வயது வரம்பு உண்டா?

ஊர் வாய்க்குப் பயந்து, இருவரும் ஊர் எல்லை தாண்டி அத்திபெலேயில் யாருக்கும் தெரியாமல் தாலி கட்டிக்கொள்ள நினைத்தார்களாம். ஏன் ஒளிய வேண்டும்? எவருக்கு அஞ்ச வேண்டும்? வரும் ஞாயிறு, இதே மன்றத்தில், இதே மேடையில் கல்யாணம்! பெண் வீட்டார் யார் தெரியுமா? நாம்! ஆகவே ஒருவரும் விருந்தாளியாக வராதீர்கள். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பந்தி பரிமாற வாருங்கள்!

கைதட்டிய கைகளுக்கும், முணுமுணுத்த வாய்களுக்கும் சேர்த்தே நன்றி. அக்கா, அழாம மேலே வாங்க. வணக்கம்!