வியாழக்கிழமைக் குறிப்பு

விளக்கைப் போடாதே, பயந்தாங்கொள்ளி. எல்லாரும் கிட்ட வந்து உட்காருங்க. இது என் சிநேகிதியோட பெரியம்மாவுக்கு நடந்தது.

சாயங்காலம் ஆறே முக்கால். பூட்டின கிடங்குகளுக்கு நடுவுல ஒரு ரோடு... ஆள் நடமாட்டமே கிடையாது. பெரியம்மா தனியா நடந்து போறாங்க. செருப்புச் சத்தம் மட்டும். சரக்... சரக்... பன்னிரண்டு வருஷமா அவங்க கால் வைக்காத ரோடு அது.

ஏன் போனாங்கன்னுதானே கேக்கறீங்க? சொல்றேன்.

பெரியம்மா முன்னாடி குழந்தைகள் நல ஆபீஸ்ல வேலை பார்த்தவங்க. அடி உதை வாங்குற பிள்ளைங்க இருக்கிற வீடுகளுக்கு வாராவாரம் போய்ப் பார்த்து, ஃபைல்ல குறிப்பு எழுதணும். அப்புறம் காலேஜ்ல சமூகப் பணி சொல்லிக்கொடுக்க வந்துட்டாங்க. அவங்க வகுப்புல கட்டுக்கதை கிடையாது. அவங்களே எழுதின நிஜ ஃபைல். பேரையும் தெருவையும் மாத்தி, நகல் எடுத்து மாணவர்கள் கையில குடுத்துடுவாங்க. வருஷா வருஷம் ஒரே ஃபைல்தான்... ஏழு வயசுப் பொண்ணு ஒருத்தி. பார்த்ததை எழுது, கேட்டதை எழுது, மூக்குக்குத் தெரிஞ்ச வாசனையையும் எழுதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லுவாங்க.

அன்னைக்குப் பின் பெஞ்சுலேர்ந்து ஒரு மாணவி எழுந்திரிச்சா. வகுப்புல வாயே திறக்காதவ.

"மேடம், எல்லாக் குறிப்புலயும் வாசனை எழுதியிருக்கீங்க. ஈரப் படுக்கை, மண்ணெண்ணெய், புளிச்ச பால்... கடைசி வியாழக்கிழமைக் குறிப்புல மட்டும் ஒண்ணுமே இல்லையே. அன்னைக்கு நீங்க போகலையா?"

வகுப்பே சிரிச்சுது. பெரியம்மா சிரிக்கலை.

அவங்க போகலைதான். மாசக் கடைசி, ஃபைலை முடிச்சு மேல அனுப்பணும். அதனால புதன்கிழமை காலையிலேயே, மேஜையில உட்கார்ந்தபடி, மறுநாள் தேதியைப் போட்டு எழுதிட்டாங்க. ஆபீஸ்ல எல்லாரும் செய்யறதுதான். 'குழந்தையே கதவைத் திறந்தாள். தலை வாரியிருந்தாள். சாப்பிட்டேன் என்றாள். நலம்.' நாலே வரி.

புதன்கிழமை ராத்திரியே அந்தப் பிள்ளையை வீட்டுல இருந்தவங்க அடிச்சே கொன்னுட்டாங்க.

ரெண்டு தேதியையும் யாரும் ஒத்துப் பார்க்கலை. பெரியம்மாவும் மூச்சு விடலை. அழுகையும் வரலை. உள்ளே ஏதோ மரத்துப் போச்சு... அவ்வளவுதான். அந்த மரத்துப்போன மனசோடதான் இத்தனை வருஷம் பாடம் நடத்தினாங்க.

சரி, ரோட்டுக்கு வருவோம்.

வகுப்பு முடிஞ்ச கையோட அந்தப் பிள்ளை இருந்த வீட்டுக்குத்தான் போனாங்க. வீடு பூட்டிக் கிடக்கும்னு நினைச்சாங்க. பூட்டு இல்லை. தட்டக் கையைத் தூக்கினாங்க... கை கதவுல படலை. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விலகுச்சு. டக்.

அந்தப் பொண்ணு. அதே ஏழு வயசு. தலை வாரியிருந்தா. "சாப்பிட்டேன்"னா.

அப்புறம்... ஒண்ணும் பேசலை. கண்ணுகூட இமைக்கலை. எழுதினது அத்தோட தீர்ந்து போச்சு, பாருங்க. அடுத்த வரிக்காக அப்படியே நின்னா. வருஷக்கணக்கா அடைஞ்சு கிடந்த வீடு... எலி, தூசி, பூஞ்சை, ஏதாவது நாறணுமா இல்லையா? பெரியம்மா மூச்சை இழுத்துப் பார்த்தாங்க. ஒரு வாசனையும் இல்லை.

அலறியடிச்சு ஓடினாங்கன்னு நினைக்காதீங்க. நடந்துதான் வந்தாங்க. பயம்கூட வரலையாம்.

மறுநாளே வேலையை விட்டுட்டாங்க. காரணம் யார்கிட்டயும் சொல்லலை. கதவைச் சாத்திக்கிட்டு எழுத உட்கார்ந்துட்டாங்க.

போன மாசம் என் சிநேகிதி அவங்களைப் பார்க்கப் போனா. பெரியம்மா ஒண்டிக்கட்டை, வீட்டுல வேற யாரும் கிடையாது. மேஜை மேல அந்த ஃபைல், தலையணை மாதிரி தடிச்சுக் கிடந்தது. புரட்டினா... எல்லாம் வியாழக்கிழமை. 'பள்ளிக்குப் போனாள்.' 'முன்பல் விழுந்தது.' 'எட்டு வயது முடிந்தது.' கடைசிப் பக்கத்துல மை இன்னும் காயலை. 'இன்று குழந்தையை என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன்.'

"என்ன பெரியம்மா இதெல்லாம்?"னு சிநேகிதி கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டா.

பெரியம்மா முகத்துல ஒரு சலனமும் இல்லை. உள் அறையைக் கண்ணால காட்டினாங்க.

"மெதுவாப் பேசும்மா. தூங்குறாள்னு எழுதியிருக்கேன்."