கட்டைவிரல் பள்ளம்

எடை மெஷினில் ஏறச் சொன்னால் எங்கள் பக்கத்துப் பெண்கள் முதலில் புடவையைச் சரிசெய்வார்கள், போட்டோவுக்கு நிற்பது மாதிரி. ஆண்களுக்குச் செருப்பைக் கழற்றச் சொன்னால் கோபம் வரும். இருபத்திரண்டு வருடமாக இதைப் பார்க்கிறேன் சார். நீங்கள் கேட்கிற கேள்விக்குப் பதிலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அவசரப்படுத்தினால் எனக்குக் கோர்வையாக வராது.

என் பெயர் ஆனி ரோஸ். ஊர் ஏலாக்குறிச்சி. நர்சுக்குப் படித்தவள். 1998இல் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. ஊர் ஊராகப் போய் யாருக்குச் சத்துக் குறைவு என்று பார்த்து எழுத வேண்டும். திருமானூர் முகாமுக்குச் செல்வம்மாள் என்று ஒருத்தி வந்தாள். கூடவே புருஷன் உத்திராபதி, கரும்பு வெட்டுக்கு ஆள் விடுகிற மேஸ்திரி. எடை நாற்பத்து நான்கு காட்டியது. கன்னமும் உப்பலாகத்தான் இருந்தது. "நல்லாத்தானே இருக்கா" என்றார் அவர். நானும் அட்டையில் 'நலம்' என்று எழுதினேன். மேஜைக்கு அடியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்தேன். வரிசை நீளமாக நின்றது. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, "கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

பதினோராம் நாள் அவள் செத்துப்போனாள். அடுத்த முகாமுக்கு வந்த பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரியும். "புள்ள இல்லங்கிற ஆத்திரம் சிஸ்டர். அந்தப் படுபாவி தின்னு முடிச்சதும் சோத்துப் பானைக்குள்ளயே கையைக் கழுவிப்புடுவான். ஏன்னு கேட்டா வெறகுக் கட்டையால வெலாவுலயே சாத்துவான். ஏழெட்டு மாசமா உப்புப் போட்ட நீராகாரந்தான் அவளுக்கு."

எங்கள் ஊர்களில் புருஷன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்டாட்டி பானைக்குள் பார்ப்பாள். அவர் அதிலேயே கையைக் கழுவிவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வாள்?

பட்டினி கிடக்கிற உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். மெஷின் அந்த நீரையும் சேர்த்துத்தான் காட்டும். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் அது சதை இல்லை. படித்ததுதான். அன்றைக்கு அழுத்திப் பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்தில் யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

2004 ஆடி மாதம், நான் வேலை பார்த்த அரியலூர் நர்சிங் ஹோமுக்கு உத்திராபதியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பக்கவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் ஆகாரம். காது மட்டும் நன்றாகக் கேட்டது. பார்க்க வர ஒரே ஒரு தம்பி, பிச்சைமுத்து. ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். வார்டில் எல்லோருடைய எடையும் ஆகாரமும் என் பொறுப்பு.

மூன்றாம் நாள் காதருகே குனிந்து, "செல்வம்மாளுக்கு எடை பாத்த சிஸ்டர் நாந்தாங்க" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அன்றிலிருந்து அவருக்கு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் மட்டும். டாக்டர் எழுதிக்கொடுத்த பாலையும் முட்டையையும் கலக்கிக் கொண்டுவந்து, அவர் பார்க்க அதிலேயே கையைக் கழுவுவேன். பிச்சைமுத்து வாங்கிவந்த ஹார்லிக்ஸை மட்டும் வீணாக்க மனசு வரவில்லை. மற்ற நோயாளிகளுக்குக் கொடுத்தேன். மூன்று பேர் நன்றாகத் தேறினார்கள்.

ஒருநாள், குழாயில் நான் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த புனலை இடக்கையால் தட்டிவிட்டார். எனக்குக் கெட்ட கோபம் வந்தது, மறைக்கவில்லை. அந்தக் கையில் இரண்டு விரலைப் பின்னால் வளைத்தேன். முருங்கைக் கிளை மாதிரி லேசாக ஒடிந்தன. கட்டிலில் இடித்துக்கொண்டார் என்று எழுதிவைத்து, நானே கட்டுப் போட்டேன். கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினேன். பிறகு தொந்தரவு இல்லை.

திங்கள்தோறும் புஜத்தை டேப்பால் அளந்தேன். இருபத்தேழு சென்டிமீட்டர் பத்தொன்பதானது. தோலுக்கடியில் கொழுப்பு எவ்வளவு என்று கிள்ளிப் பார்ப்பதும் எங்கள் வேலையில் உண்டு. அவரை மட்டும் ரத்தம் வரும்வரை கிள்ளினேன். வாய் திறக்கும், சத்தம் வராது. படுத்தே கிடந்ததில் வந்த முதுகுப் புண்ணில் எலும்பு தெரிந்தது. அதில் ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தேன். சுத்தம் எனக்கு முக்கியம்.

எடை மட்டும் ஏறிக்கொண்டே போனது. நாற்காலியோடு மெஷினில் ஏற்றி, நாற்காலியின் எடையைக் கழிப்போம். ஐம்பத்திரண்டு, ஐம்பத்து நான்கு, ஐம்பத்தாறு. "பரவால்லையே சிஸ்டர், ஆளைத் தேத்திட்டீங்க" என்றார் டாக்டர் அரங்கநாதன். அவர் வாரத்துக்கு இரண்டு தடவை வருவார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எவ்வளவு பெரிய டாக்டர், அவரே ஏமாறுகிறாரே என்று.

ஒன்பதாவது வாரம் வெள்ளிக்கிழமை காலை, டாக்டர் உத்திராபதியின் போர்வையை விலக்கிக் காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பள்ளம் விழுந்து நின்றது.

"என்ன சிஸ்டர் இது? கை குச்சியா இருக்கு, காலு இப்படி வீங்கிக் கெடக்கு. இது பட்டினி ஒடம்பு. யாரு ஆகாரம் குடுக்கறது?"

"நான்தான் சார்."

அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார், பாலும் முட்டையும் தவறாமல் கொடுத்ததாக எழுதிவைத்திருந்தேன். "நாளைக்குக் காலையில திருச்சிக்கு அனுப்பிடுவோம், பொழச்சுக்குவாரு. அதுவரைக்கும் பாலைத் தண்ணியாக் கலந்து, கொஞ்சங்கொஞ்சமா விடுங்க. ஒரேயடியா குடுத்தா தாங்க மாட்டாரு."

உத்திராபதிக்கு அது கேட்டது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பிழைத்துவிடுவோம் என்கிற ஆசை. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு நான்கு லிட்டர் பாலில் பன்னிரண்டு முட்டையை அடித்து, சர்க்கரை போட்டுக் கலக்கினேன். தலையணையை உருவிவிட்டு, நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டேன். புனலைக் கீழே இறக்கவே இல்லை. மூன்றாவது லிட்டரில் மூக்காலும் வாயாலும் வந்தது. துண்டை வைத்துப் பொத்திக்கொண்டு மீதியையும் ஊற்றினேன். நெஞ்சுக்குள் கொளகொளவென்று சத்தம் கேட்டது. இடது கால் ரொம்ப நேரம் கட்டிலை உதைத்தது, பிறகு நின்றது. முகத்தைத் துடைத்து, விரிப்பை மாற்றி, அட்டையில் நேரத்தைக் குறித்தேன்.

கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் 'பட்டினி போட்டு' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள் சார். அறுத்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள், வயிறு நிறைந்திருந்தது என்பார்கள். என்னிடம் வந்தவர்கள் யாரும் பசியோடு போனதில்லை.