தாடையில் அப்பியது

கட்டுப் போடும் அறை வாசலில் எனக்கு முன்னால் ஒரு கல்யாண மாப்பிள்ளை. அவன் பக்கத்தில் அம்மா. அம்மா பக்கத்தில் தாய்மாமன். உள்ளே ஒரு நர்ஸம்மா. கடைசியில், கை கிழிந்த நான்.

நிச்சயம் நல்லபடியாக முடியவேண்டும் என்று வெறுங்காலோடு மலை சுற்றப் போனானாம். அடி அண்ணாமலை கோயில்கிட்ட தடுக்கி விழுந்து தாடை கிழிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயம்.

“நான் மருந்து ஊத்தனதும் நொரை வந்துச்சு பாத்தியாக்கா? கிருமி கொதிச்சு சாவுது,” என்றார் மாமன்.

“கொதிச்சது எம்புள்ள மூஞ்சிடா. நான் டிஞ்சர் வெச்சதோட வுட்டுருக்கணும்.”

“நீ மஞ்சத்தூள் அப்பனியே, அது?”

“ரெண்டு பேரும் சும்மா இருங்க. தழும்பு நிக்குமான்னு கேளுங்க,” என்றான் மாப்பிள்ளை.

நர்ஸம்மா பஞ்சை எடுத்துப் பார்த்தார். “காயமே தெரியலியே. இன்னா இன்னா போட்டீங்க?”

அம்மா விரல் விட்டு எண்ணினாள். “டிஞ்சர், இவன் ஊத்தன நொரைத்தண்ணி, மஞ்சத்தூள், காப்பித்தூள், கோயில் விபூதி. அஞ்சுதாம்மா.”

“காயம் ஆழம் கம்மிதான். சுத்தமான தண்ணியும் சலைனும் போதும். கண்டதப் போட்டாதான் தழும்பு ஜாஸ்தியாவும்.”

கழுவக் கழுவ விபூதி போனது. காப்பித்தூள் போனது. மஞ்சளும் போனது. அடியில் ரோஸ் கலரில் ஏதோ திட்டாக ஒட்டியிருந்தது.

“இது இன்னாப்பா?”

மாப்பிள்ளை அம்மாவைப் பார்க்காமல் சொன்னான். “பொண்ணு வீடியோ கால் பண்ணிச்சு. காயம் தெரியக் கூடாதுன்னு பவுடர் போட்டேன்.”

ஆறு.