கம்பத்தில் தொங்கிய பாட்டில்

வாழைப்பழ அப்பத்தில் ரகசியம் ஒன்றும் இல்லை. பழம் கொஞ்சம் கறுத்திருக்க வேண்டும், கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மேலே டப்பாப் பாலைத் தாராளமாக ஊற்ற வேண்டும். முதுகுப்பையைச் சுமந்துகொண்டு படகிலிருந்து இறங்குகிற பரங்கிப் பிள்ளைகள் இருபத்தாறு வருஷமாக என்னிடம் அதைத்தான் கேட்கிறார்கள். தம்பி, நீங்கள் இந்தத் தீவுக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்பதால் சொல்கிறேன். எனக்கு அவர்கள் மேல் ஒரு பகையும் கிடையாது. மூன்று நாள் தங்குவார்கள், முதுகு உரியும் வரை வெயில் காய்வார்கள், போய்விடுவார்கள். போய்விடுவதுதான் அவர்களிடம் எனக்குப் பிடித்த குணம்.

ஹால்வர் போகவில்லை. நார்வேக்காரன். பிப்ரவரியில் மூன்று நாளைக்கு என்று வந்தவன் ஆகஸ்டிலும் என் ஆறாம் எண் குடிலில் இருந்தான். நடுவில் இரண்டு தடவை எல்லையைத் தாண்டிப் போய் முத்திரை குத்திக்கொண்டு வந்தான். நல்ல பையன்தான், அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். கூரைக்கு ஓலை மாற்றினான், மீன் கழுவினான், என்னை அம்மா என்று கூப்பிட்டான். அவன் இழுக்கிற இழுப்பில் ஆடு கத்துவதுபோல் இருக்கும், எனக்குச் சிரிப்பு வரும்.

முக்தா என் இளைய மகள். இருபத்துநான்கு வயது. மூத்தவள் பதினொரு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒருவனோடு டென்மார்க்குக்குப் போனாள். முதலில் வாரம் தவறாமல் பேசினாள். பிறகு புத்தாண்டுக்கு மட்டும். இப்போது பனியில் இரண்டு குழந்தைகள் நிற்கிற படம் வருகிறது, அந்தக் குழந்தைகளுக்கு என்னோடு பேச பாஷை இல்லை. ஒரு மகளை உயிரோடு பறிகொடுத்தவள் நான். இன்னொருத்தியையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பெற்றவர்கள் யாரும் இதைப் புரிந்துகொள்வார்கள்.

திங்கட்கிழமை முக்தாவுக்கு நார்வே விசா வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் படகுக்கு அவளும் ஹால்வரும் சீட்டு எடுத்தார்கள். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

"வருஷத்துக்கு ஒரு தடவ கண்டிப்பா வருவேம்மா."

"உங்க அக்காவும் இதையேதான் சொன்னா."

"நான் அக்கா மாதிரியா? நீங்க ஒரு நாள் போன் எடுக்கலன்னா நான் செத்துருவேன்."

அப்படிச் சொன்னவள்தான் அன்று மத்தியானமே பையில் துணி அடுக்கினாள்.

கம்பத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் வளைகுடாவில் மழைக்காலத்தில் பெட்டி ஜெல்லி மீன் கரையோரம் வரும். தண்ணீரில் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. அதன் நூல் உடம்பில் சுற்றினால் பெரிய ஆளே நாலைந்து நிமிஷத்தில் முடிந்துபோகலாம். அதற்குத்தான் கரையில் கம்பம் நட்டு வினிகர் பாட்டில் தொங்கவிடுவது. அந்தந்தக் கடையின் எதிரே இருக்கும் கம்பம் அந்தந்தக் கடைக்காரர் பொறுப்பு. நாங்கள் குடில் நடத்துகிறவர்களை எல்லாம் கூட்டி, மாகாண ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு நாள் பாடம் நடத்தினார். தேய்க்கக் கூடாது, வினிகரை முப்பது விநாடி விடாமல் ஊற்ற வேண்டும், அப்போதுதான் நூல் அடங்கும், நல்ல தண்ணீர் மட்டும் படவே கூடாது, பட்டால் தோலில் ஒட்டியிருக்கிற நூல் மிச்ச விஷத்தையும் இறக்கிவிடும் என்றார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். வீட்டுக்கு வந்து முக்தாவுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் மழை. வியாழக்கிழமை காலையில் வானம் வெளுத்துவிட்டது, கடல் குளம் மாதிரி கிடந்தது. பக்கத்து வீட்டுத் தவீ அண்ணன் வலையை இழுத்துக்கொண்டு வந்தார்.

"சம்லி, ஓடை வாய்ல ரெண்டு பெட்டி மாட்டிச்சு. தென்னங்கன்னு உசரத்துக்கு நூலு. உன் பிள்ளைங்கள இன்னைக்குத் தண்ணில இறங்க விடாத."

"சொல்லிடறேண்ணே."

"செவப்புத் துணியையும் கட்டிரு."

"சரிண்ணே."

துணி கிடைக்கவில்லை. சரியாகச் சொன்னால், நான் அதைத் தேடவில்லை.

எங்கள் ஊரில் கடலில் இறங்குகிறவர்கள் உடுத்த துணியோடுதான் இறங்குவோம், உங்களுக்குத் தெரியும். முழுக்கைச் சட்டை, காலை மூடுகிற பேன்ட், கல் குத்தாமல் இருக்கக் காலுறை. வெட்கம் ஒரு காரணம், வெயில் ஒரு காரணம். துணி மேல் பட்டால் அந்த நூலின் விஷம் அவ்வளவாக ஏறாது. பரங்கிகள்தான் பிறந்தமேனிக்கு ஒரு முழத்துணி சுற்றிக்கொண்டு குதிப்பார்கள். ஹால்வரும் அப்படித்தான் இருந்தான். முக்தாதான் அவனைக் கேலி செய்தே மாற்றினாள். நீலத்தில் ஒரு முழுக்கைச் சட்டையை வாங்கிக் கொடுத்து, நாலு மாதமாக அது இல்லாமல் அவனைத் தண்ணீரில் விட்டதில்லை.

அந்தச் சட்டையைக் காலையில் எடுத்து சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். ஊருக்குப் போகிற பையன் அழுக்குச் சட்டையோடு போகக் கூடாது இல்லையா. பிறகு கம்பத்துக்குப் போய்ப் பாட்டிலைக் கழற்றினேன். வினிகரை ஓடையில் கொட்டினேன். பாட்டிலை அலசவில்லை, அதனால் பாட்டில் வாயில் வாடை போகவில்லை. தொட்டியிலிருந்து மழைத் தண்ணீரை நிரப்பி மூடி, இருந்த இடத்திலேயே மாட்டினேன். இரண்டும் சேர்ந்து பத்து நிமிஷ வேலை. அப்புறம் வந்து அப்பத்துக்கு மாவு கரைத்தேன்.

ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள்.

"அம்மா, இவன் நீலச் சட்ட எங்க?"

"ஊறுது."

"ஐயோ, இப்பத்தான் ஊறப்போடணுமா? வேற ஏதாவது குடுங்க."

"எல்லாத்தையும் நீதான மூட்ட கட்டி வச்சிருக்க. ஒரு நாளைக்கு அப்படியே குளிக்கட்டுமே. நார்வேக்குப் போனா அங்க எங்க வெயிலு?"

"பால் பாட்டில் மாதிரி இருக்கான் பாருங்க. சாயங்காலம் நண்டு மாதிரி செவந்து வந்து அழுவான்."

"அழ மாட்டேன்," என்றான் ஹால்வர். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, மழ பேஞ்சுது. கடல் பரவாயில்லயா?" என்று கேட்டான்.

அவன் கேட்டான், தம்பி. இதை நான் மறைக்கவில்லை. முதுகுப்பையோடு வருகிற மற்றவர்கள் யாரும் கேட்க மாட்டார்கள். இவன் எங்களிடம் பழகிப் பழகி, பெரியவர்களைக் கேட்டுச் செய்கிற பழக்கத்துக்கு வந்திருந்தான். பெரியவர்கள் சொன்ன பிறகு மறுபேச்சுப் பேசக் கூடாது என்பதையும் கற்றிருந்தான்.

"தவீ மாமாவ இப்பத்தான் பாத்தேன்," என்றேன். "இறங்குங்க, ஒண்ணும் பயமில்ல."

முக்தாவைக் கூப்பிட்டு அவளுடைய கைப்பொத்தான்களை நானே போட்டுவிட்டேன். பேன்ட்டின் அடிப்பக்கத்தைக் காலுறைக்குள் செருகச் சொன்னேன். "சின்னக் கொழந்தையாம்மா நான்?" என்று சிரித்துக்கொண்டே செருகிக்கொண்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வதில் நான் என்றைக்குமே கவனமாக இருப்பேன்.

அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமலே போயிருக்கலாம். போயிருந்தால் நான் ஞாயிற்றுக்கிழமை படகுத்துறையில் நின்று கையசைத்திருப்பேன், அவ்வளவுதான். முடிவைக் கடலிடம் விட்டுவிட்டதாகவே நினைத்தேன். அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்டது. இடுப்பளவு தண்ணீரிலிருந்து அவன் தானாகவே நடந்து வந்து மணலில் விழுந்தான். மார்பிலிருந்து தொடை வரைக்கும் சாட்டையடி மாதிரி வரி வரியாக இருந்தது.

முக்தா பதறவில்லை. அதில் எனக்குப் பெருமைதான். நேரே கம்பத்துக்கு ஓடினாள், பாட்டிலை எடுத்து வந்தாள், தேய்க்காமல், அவசரப்படாமல், நான் சொல்லிக்கொடுத்தபடியே வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஊற்றினாள். எண்ண எண்ண அவன் அலறல் கூடியது. இருபதுக்கு மேல் அவன் அலறவில்லை.

"அம்மா, இன்னொரு பாட்டில். சீக்கிரம்மா."

சமையலறை அலமாரியில் கண்ணுக்கு நேரே நாலு பாட்டில் வினிகர் இருந்தது. நான் தேடினேன். கொஞ்ச நேரம் தேடினேன். கொண்டுபோனபோது வேண்டியிருக்கவில்லை.

அவனை எடுத்துக்கொண்டு போன பிறகு முக்தா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அவள் தன் இரண்டு கைகளையும் முகர்ந்து பார்த்தாள். ஒரு பாட்டில் வினிகர் வழிந்த கையில் வாடையே இல்லை. பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை, அம்மாவைப் பார்க்கிற பார்வை இல்லை அது. அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, என் கையால் ஒரு பிடி சோறு வாங்கவில்லை. மூன்றாம் நாள் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டாள்.

அவனுடைய அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள், சவப்பெட்டியோடு அவளும் நார்வேக்குப் போகிறாள் என்று சொன்னீர்கள். போகட்டும். நாலு நாள் இருந்துவிட்டு வந்துவிடுவாள். அங்கே அவளுக்கு இனி யார் இருக்கிறார்கள்?

ஆமாம், பாட்டிலில் தண்ணீர் நிரப்பியவள் நான்தான். பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் நிரப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று, தம்பி. முக்தாவிடம் கேள்வி கேட்கும்போது கடுமையாகப் பேசிவிடாதீர்கள். என்ன இருந்தாலும் அவன் மேல் அதை ஊற்றியது அவள்தான். அதற்காக இன்று வரை நான் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. பெற்றவள் இல்லையா, மன்னித்துவிட்டேன்.