சீல் வெக்கறதுக்கு முன்னால

அவசரப்படாதீங்க மேடம், மொதல்ல ஒக்காருங்க. அந்த சேர் வேணாம், கால் ஆடும். இதுல ஒக்காருங்க. கோர்ட் ஆர்டர்ல இன்னா போட்டிருக்கு? என் கம்ப்யூட்டர்ல இருக்கறது அத்தினியும் நகல் எடுத்து, அப்பறம் தான் பொட்டிக்கு சீல். அந்த கறுப்பு ஸ்கிரீன்ல எழுத்து ஓடுதே, அது தான் நகல் வேலை. பாதில புடுங்குனா அரைகுறையா நிக்கும். நாளைக்கு கம்பெனி வக்கீலு, நியாஸ் எதையோ அழிச்சிட்டான், கோர்ட் அனுப்புன கமிஷனர் மேடமும் பாத்துக்கினு சொம்மா இருந்தாங்கன்னு ஜட்ஜ் கிட்ட போயி நிப்பாரு. எனக்காவ சொல்லல, ஒங்களுக்காவ தான் சொல்றேன்.

டீ சொல்லட்டுமா? வேணாமா. சரி, கேஸ்ல இருக்கறவன் ஊட்டு டீ குடிக்க கூடாது, கரெக்ட். தண்ணியாவது... ஓ, பாட்டில் கொண்டாந்திருக்கீங்க. இதான் மேடம். எனக்கு இந்த மாதிரி ஆளுங்கள தான் புடிக்கும். மனுஷனுக்கு சந்தேகம்னு ஒண்ணு இருக்கணும்.

ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்த கார் யாருது? கம்பெனி புக் பண்ணதா. வழக்கம் தான், கேஸ் போட்டவன் தான் கமிஷனரு போக வர செலவு பாக்கணும்னு வெங்கடேசன் சார் சொன்னாரு, அவரு தான் எனக்கு வக்கீலு. அது இல்ல விஷயம். கீழ கார்ல ஏசி போட்டுக்கினு ஒக்காந்திருக்காரே துளசிராமன், கம்பெனி இன்ஜினியரு, அவரு மெட்ராஸ்லருந்து கவரைப்பேட்டை வரிக்கும் வழி பூரா இன்னா பேசிக்கினு வந்தாரு? ஒண்ணுமே பேசலயா. செல்போன்லயே இருந்தாரா. சரிங்க. நம்பறேன்.

நம்பலன்னு மூஞ்சில தெரியுதா? மன்னிச்சிக்கோங்க. இந்த தொழிலுக்கு வந்ததுலருந்து எனக்கு இந்த வியாதி. பேப்பர எடுத்தா கூட மொதல்ல செய்திய படிக்க மாட்டேன், இத்த யாரு எழுத சொல்லியிருப்பான்னு தான் பாப்பேன். போன மாசம் ஒரு கம்ப்யூட்டர் புஸ்தகத்துல வந்துச்சி. லினக்ஸ் ஓசின்னு தான் பேரு, கணக்கு போட்டு பாத்தா அதுக்கு தான் செலவு ஜாஸ்தின்னு பெரிய ஆராய்ச்சி. படம்லாம் போட்டு, கோடுலாம் ஏறி எறங்கி. கடைசி பக்கத்துல பொடி எழுத்துல பாத்தா, ஆராய்ச்சிக்கு டப்பு குடுத்தவன் யாரு? அந்த ஓசியால யாருக்கு வியாபாரம் படுக்குதோ அவன். இத்த இன்னான்னு சொல்றது?

லினக்ஸ்னா இன்னான்னு தெரியும் இல்ல? தெரியாதா. விண்டோஸ் இருக்குதில்ல, அந்த வேலைய செய்யறது தான், ஆனா உள்ள எழுதியிருக்கறத யாரு வேணா தொறந்து பாக்கலாம். மாத்திக்கலாம். மாத்துனத அடுத்தவனுக்கும் தொறந்தே குடுக்கணும், அது ஒண்ணு தான் கண்டிஷன். ஒலகம் பூரா ஆளுங்க சேந்து எழுதுனது. இப்ப அமெரிக்காவுல ஒரு கம்பெனி, அதுல எங்க சரக்கு கலந்துக்குதுன்னு கேஸ் போட்டிருக்கான். எந்த வரி உன்னுதுப்பா, காட்டுன்னா, வெளிய காட்ட மாட்டானாம். ரகசியமாம். கையெழுத்து போட்டுட்டு உள்ள வந்து பாருன்றானாம். அந்த நியூஸ படிச்சிட்டு நானும் இங்க லினக்ஸ் தெரிஞ்சவங்களும் சிரிச்சோம் மேடம். எங்கயோ நடக்குதுன்னு. சிரிச்சி ஒரு மழைக்காலம் தாண்டல, எனக்கே வந்துச்சி நோட்டீஸ்.

இல்ல, ஒங்க கிட்ட கேஸ் பேச கூடாதுன்னு தெரியும். நீங்க தீர்ப்பு சொல்ல வரல, பாக்கறத எழுத வந்திருக்கீங்க. நான் சொம்மா பேசிக்கினு இருக்கேன், நகல் முடியற வரிக்கும். ஃபேன் இன்னும் வெக்கட்டுமா? அதுக்கு மேல போவாது அது.

என் புரோகிராம் பெரிய ராக்கெட்லாம் இல்ல மேடம். வே பிரிட்ஜ் பாத்திருப்பீங்களே, லாரிய ஏத்தி எடை போடற மேடை. அதுக்கு எழுதுனது. காலி லாரி ஒரு தபா, லோடு லாரி ஒரு தபா, கழிச்சி சீட்டு அடிச்சி குடுக்கும். இந்த சிப்காட் பக்கம் இரும்பு உருக்கற மில்லு எத்தினி இருக்கு, அத்தினிக்கும் பழைய இரும்பு வரணும், கம்பி போவணும். எல்லாம் எடை மேல தான். அந்த எடைல தான் திருட்டும். இரும்பு மேல தண்ணிய அடிச்சி கொண்டாருவான். கம்பி ஏத்த வர காலி வண்டிய எடை போடறப்ப கிளீனர உள்ள படுக்க வெப்பான். இதெல்லாம் கண்ணுக்கு தெரியற திருட்டு. கம்ப்யூட்டர் உள்ள ஒரு வரி எழுதி நூறுக்கு ஒரு கிலோ கொறச்சா யாருக்கு தெரியும்? தராசு தட்டு மேல துணி மூடிக்கினு ஒருத்தன் எடை போட்டா நீங்க கத்திரிக்கா வாங்குவீங்களா? அதான் நான் தொறந்து வெச்சேன். லினக்ஸ்காரன் போட்ட அதே கண்டிஷன போட்டு இன்டர்நெட்ல ஏத்திட்டேன். விக்கிறவனும் பாக்கலாம், வாங்குறவனும் பாக்கலாம். எடை மேடைல மாட்டி குடுக்கறதுக்கும், ரிப்பேரு பாக்கறதுக்கும் கூலி வாங்குவேன், அவ்ளோ தான் என் பொழப்பு.

அம்பத்தூர் கம்பெனிக்காரன் அத்த அப்டியே எடுத்துக்கினான். மேல கலரு மாத்துனான், அவன் பேரு போட்டான், மூடிட்டான். மில்லு மில்லா வித்தான். அதுக்கு கூட நான் ஒண்ணும் சொல்லல மேடம், லெட்டர் எழுதி கேட்டேன், தொறந்து குடுப்பான்னு. அதுக்கு பதிலு தான் கேஸு. நான் தான் அவன் கிட்டருந்து திருடுனேனாம். அவன் ரிஜிஸ்டர் பண்ணி வெச்சிருக்கான் சார், சீலு கீலு எல்லாம் இருக்கு. என் கிட்ட தேதி போட்ட சிடி இருக்கு. கம்ப்யூட்டர் தேதி யாரு வேணா மாத்தலாம்னு அவங்க வக்கீலு சொல்லிட்டாரு. அது உண்ம தானே, நானே மாத்தி காட்டுவேன்.

சார்னு சொல்லிட்டேனா? பழக்கம், மேடம்.

அதோட உடலயே. என் புரோகிராம் வெச்சிருக்கற சின்ன சின்ன எடை மேடைக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பிட்டான். நீ ஓட்டறது திருட்டு சாமான், பின்னால ஒனக்கும் வில்லங்கம்னு. பாவம், அவங்க இன்னா பண்ணுவாங்க? ஒவ்வொருத்தரா கழட்டிட்டாங்க. ஆரம்பாக்கம் பக்கம் எங்க அத்தாவுதே ஒரு எடை மேடை இருக்கு, எடை மேடைக்கு லாரிக்காரன் பாஷைல காட்டா, ஷேக் தாவூத் காட்டான்னு கேட்டா லாரிக்காரன் எல்லாருக்கும் தெரியும். அவரு ஒருத்தரு தான் இன்னும் கழட்டல. பள்ளிவாசல்ல ஒருத்தரு கேட்டுட்டாராம் அவர, இன்னா பாய், ஒங்க புள்ள யாரோ எழுதுனத தூக்கிட்டானாமேன்னு. ஊட்டுக்கு வந்து சோறு துன்னல அன்னிக்கு. என் கிட்ட ஒண்ணும் சொல்லல, மெஹர்னிசா கிட்ட தான் சொல்லியிருக்காரு, என் ஊட்டுக்காரம்மா. எனக்கு வேலை போனது கூட வலிக்கல மேடம். அந்த மனுஷன் மொகத்த பாக்க முடியல.

துளசிராமன் வந்தாரு. இதே சேர்ல ஒக்காந்தாரு, கால் ஆடுதுல்ல, அந்த சேர்ல. நல்லா தான் பேசுனாரு. கம்பெனியோட புரோகிராம்ல எனக்கு எந்த பாத்தியதையும் இல்லன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டா கேஸ வாபஸ் வாங்கிப்பாங்களாம், அம்பத்தூர்ல வேலையும் குடுப்பாங்களாம். திருடனுக்கு எவன் மேடம் வேலை குடுப்பான்? அப்பவே நான் திருடலன்னு அவங்களுக்கே தெரியும்னு எனக்கு தெரிஞ்சிச்சி. ஆனா அத்த கோர்ட்ல சொல்ல முடியாது. ரூம்ல ரெண்டு பேரு தான் இருந்தோம்.

வக்கீல் கிட்ட சொன்னீங்களான்னா? கொஞ்சம் சொன்னேன். எல்லாத்தையும் சொல்லல. வெங்கடேசன் சார் நல்லவரு தான். ஆனா கோர்ட் கேன்டீன்ல அவங்க வக்கீலோட ஒரே டேபிள்ல நாஷ்டா துன்றாரு, நானே பாத்தேன். கேட்டா, அது தொழில் நாகரிகம்ன்றாரு. இருக்கட்டும். வாய் தவறி ஒரு வார்த்த போச்சின்னா எனக்கு பேஜாரு. அதனால அவருக்கும் தெரியாது. மெஹர்னிசாவுக்கு கூட தெரியாது.

இன்னா தெரியாதுன்னா... இருங்க, சொல்றேன். இந்த ஜன்னல் பக்கம் வாங்களேன். ஆமா, ஏந்து வாங்க. நகலா? அது அப்பவே முடிஞ்சிச்சி மேடம். இப்ப ஓடறது, ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு ஒப்பிட்டு பாக்கறது. அதுவும் வேணும் தான், இருந்தாலும் நீங்க கேட்டிருந்தா உண்மய சொல்லியிருப்பேன்.

கோச்சிக்காதீங்க. ரோட்டுக்கு அந்த பக்கம் பாருங்க. மில்லு கேட்டு பக்கத்துல எடை மேடை. அது கம்பெனி மாட்டுனது, போர்டுலயே பேரு போட்டிருக்கு பாருங்க. மேல ஒரு கம்பி லாரி ஏறி நிக்குதா? பின்னால ரெண்டு நிக்குதா? ஆபரேட்டரு பிரின்டர தட்டறான் பாருங்க. சீட்டு வராது. கொஞ்ச நேரத்துக்கு அங்க ஒண்ணும் வராது. அதோ, டிரைவரு எறங்கி லுங்கிய மடிச்சி கட்டிக்கினு ஓட்டலுக்கு போறான். அவனுக்கு பழகி போச்சி.

தாவீதுன்னு ஒரு லாரி டிரைவரு, நெல்லூரு லைன்ல ஓட்றவரு, டீ கடைல பொலம்பிக்கினு இருந்தாரு. இன்னா நைனா, ஒங்க மெட்ராஸ் மெஷினுங்க எல்லாம் வெள்ளிக்கிழமை மதியானம் தூங்குது, எந்த மில்லுக்கு போனாலும் அப்டி தான்னு. கம்பெனில கேட்டா, அந்த நேரம் சிஸ்டத்துக்கு ரெஸ்ட்டுன்றாங்களாம். டம்ளர கீழ வெச்சிட்டேன்.

எங்க அத்தா என்ன விட சந்தேகக்காரரு. அவரு வெள்ளிக்கிழமை மதியானம் ஜும்மா தொழுவ போற நேரத்துல பூவராகவன், எங்க ஆபரேட்டரு, தனியா நாலு வண்டிய எடை போட்டு காச பாக்கெட்ல போட்டுக்கறான்னு அவருக்கு ஒரு எண்ணம். பள்ளிவாசல்லருந்து நான் திரும்பி வர வரிக்கும் எவன் தட்டுனாலும் சீட்டு வர கூடாது, அப்டி எழுதி குடுடான்னாரு. எழுதுனேன். பேரு கீரு ஒண்ணும் போடாம ஒரு ஓரமா எழுதி வெச்சேன். வெளிய குடுத்த மொதல் பிரதில அத்த எடுக்க மறந்துட்டேன். அப்பால என் கிட்ட வாங்குன எடை மேடைக்காரங்க, வெள்ளிக்கிழமை ஏன் நிக்குதுன்னு கேட்டாங்க, எடுத்துட்டேன். கம்பெனிக்காரன் அந்த மொதல் பிரதிய தான் தூக்கியிருக்கான். உள்ள இன்னா இருக்குன்னு அவனே படிக்கல.

சொல்லியிருந்தா ஒரே ராத்திரில அழிச்சிட்டு வந்து நிப்பாங்க. அதான் யாரு கிட்டயும் சொல்லல. கமிஷன் தேதி எப்ப வெச்சிக்கலாம்னு கேட்டப்ப வெள்ளிக்கிழமைன்னு சொன்னது நான் தான். ஒரு பாய் போயி வெள்ளிக்கிழமை கேக்கறானேன்னு வெங்கடேசன் சாரே ஒரு மாதிரி பாத்தாரு.

நீங்க கீழ எறங்கி, ரோட்ட தாண்டி போயி, ஒங்க கண்ணால பாத்து, ஒங்க கையால எழுதுங்க மேடம். துளசிராமனையும் கூட்டிக்கினு போங்க, கூட நிக்கட்டும். நான் வரல, வந்தா நான் தான் எதையோ பண்ணேன்னுவாங்க. அங்க நின்னு அவர ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அவங்க ஆபீஸ்ல வெள்ளிக்கிழமைன்னா பூ போட்டு சாம்பிராணி காட்டி பூஜ பண்றாங்க, நான் போயிருக்கேன், சுண்டல் குடுத்தாங்க, சாப்ட்டேன். நல்ல விஷயம். ஆனா அவங்க எழுதுன மெஷினு ஜும்மாவுக்கு எதுக்கு மேடம் நிக்குது?