மூன்றாவது பிள்ளையின் அப்பா

மேடையில் அமர்ந்திருக்கும் நீரேற்று நிலையப் பொறியாளர் அவர்களே, எங்கள் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மதிப்பிற்குரிய அண்ணி அவர்களே, அண்ணன் பெற்ற செல்வங்களே, காலை ஷிஃப்டை முடித்துவிட்டுக் கையில் கிரீஸ் காயாமல் வந்து நிற்கும் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஆனால் நிதானம் அண்ணனைப் பற்றி, அவர் இல்லாத ஒரு கூட்டத்தில் பேச வேண்டிவரும் என்று நினைத்ததில்லை. தலைமை ஃபிட்டர் என்பது சம்பளப் பட்டியலில் இருந்த பதவி. நிதானம் என்பது நாம் கொடுத்த பட்டம். துருப்பிடித்த போல்ட்டை எவனாவது ஆத்திரத்தோடு திருகினால் பின்னால் நின்று சொல்வார்: "நிதானம்யா, நிதானம். அது இருபது வருஷமா அங்கயே இருக்கு. நீ இப்பதான வந்த?" அந்த வார்த்தையைக் கேட்காமல் இந்த நிலையத்தில் தொழில் கற்றவர் எவராவது உண்டா? கை தூக்குங்கள் பார்க்கலாம்! இல்லை. ஒருவரும் இல்லை.

அவர் மாற்றிய வால்வுகளையும் ஓடவைத்த மோட்டார்களையும் பற்றிப் பொறியாளர் அவர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் அவர் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். அண்ணியிடமும் மூத்த மகளிடமும் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், ஒரு சாப்பாட்டு இடைவேளை. தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி நம் கேன்டீனுக்கு வந்தார். கடல் கடந்த ஒரு நாட்டில் வசதியற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரு பிள்ளையின் படிப்புப் பொறுப்பை ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளலாம் என்று சொல்லி, மேசைமேல் புகைப்படங்களைப் பரப்பினார். நாங்கள் பார்த்தோம், "ஐயோ பாவம்" என்றோம், கை கழுவப் போய்விட்டோம். நானும்தான் போனேன். திரும்பி வந்தபோது நிதானம் அண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ஆறு வயதுப் பெண் குழந்தையின் படம். முறைத்துக்கொண்டு நிற்கிற படம்.

"சிரிக்கிற பிள்ளைங்க இத்தனை இருக்கு, இதையா எடுக்கறீங்க?" என்றேன்.

"சிரிக்கிற பிள்ளைய யாராவது எடுத்துக்குவாங்கய்யா. ஆனா நான் தனியா முடிவு பண்ண முடியாது. வீட்டுல நாலு பேரும் ஒத்துக்கணும்" என்றார்.

அன்று மாலை அந்த நாலு பேரும் கூடி உட்கார்ந்தார்கள். அண்ணன் அவருடைய சிகரெட்டை விட்டுவிடுவதாகச் சொன்னார். அண்ணி, பழைய தையல் மெஷினே போதும், புதிது வேண்டாம் என்றார். கடைக்குட்டிக்கு அப்போது ஆறு வயது. அவன் பட்டாணி சாப்பிடுவதை விட்டுவிடுகிறேன் என்றானாம். அது அவனுக்குப் பிடிக்காத பண்டம் என்பது வீட்டுக்கே தெரியும்! மூத்தவளுக்கு ஒன்பது வயது. அந்த வருடம் அவளுக்கு சைக்கிள் வாங்கித் தருவதாகப் பேச்சு. "ஒரு வருஷம் பொறுத்துக்கறியாம்மா?" என்று அண்ணன் கேட்டார். அவள் தலையாட்டினாள். சைக்கிள் வந்தது நான்கு வருடம் கழித்து. இதை ஏன் சொல்கிறேன்? தர்மம் என்றால் கொடுக்கிற கை ஒன்றுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த வீட்டில் நான்கு ஜோடிக் கைகள் இருந்தன. அதில் இரண்டு ஜோடி சின்னக் கைகள்.

அதற்குப்பின் அண்ணனிடம் எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும், "மூணு. ரெண்டு வீட்டுல, ஒண்ணு கடலுக்கு அந்தப் பக்கம்" என்பார். புதிதாக வந்த மேற்பார்வையாளர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு வேறுவிதமாக அர்த்தம் பண்ணிக்கொண்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரே வாரத்தில் "ஆளு பாக்கத்தான் நிதானம், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பமாம்ல" என்று பேச்சு பரவியது. அண்ணன் மறுத்தாரா? மூச்சு விடவில்லை! ஒருநாள் அண்ணி சாப்பாட்டுத் தூக்கோடு நேராகப் பணிமனைக்குள் வந்தார். அறிவிப்புப் பலகையில் அந்தப் பிள்ளையின் படத்தைக் குத்தினார். "இதுதான் என் மூணாவது பிள்ளை. அவருக்குப் பொண்டாட்டி நான் ஒருத்திதான், சின்ன வீடுன்னு எதுவும் இல்ல. இன்னும் யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார். மேற்பார்வையாளர் அன்று சாப்பிடவே இல்லை.

நான்காவது வருடம் ஒரு கடிதம் வந்தது. அந்தப் பிள்ளை எழுதுவதை நிறுவனத்தார் நம் மொழியில் மாற்றி அனுப்புவார்கள். "நான் இப்போது பள்ளிக்குப் போவதில்லை. பள்ளியின் அடிபம்பு கெட்டுவிட்டது. பெண் பிள்ளைகள் எல்லோரும் ஆற்றுக்குத் தண்ணீருக்குப் போகிறோம்" என்று இருந்தது. கூடவே நிறுவனத்தின் குறிப்பு: அந்தக் குழந்தை படிப்பை நிறுத்திவிட்டதால், விரும்பினால் வேறொரு குழந்தையை மாற்றித் தருகிறோம்.

பத்தொன்பது வருடப் பழக்கத்தில் அண்ணன் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒருநாள்தான். ஸ்டோர் அறைத் தொலைபேசியில் கத்தினார்: "மாத்தித் தர்றீங்களா? பிள்ளை என்ன ஃபியூஸ் போன பல்பா? எனக்கு வேற பிள்ளை வேணாம். அந்தப் பம்புக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க!"

அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன? ஃபிட்டர் ஆயிற்றே! அந்தப் பிள்ளைக்கே எழுதிக் கேட்டார்: "கைப்பிடி கனமாகப் போகிறதா, லேசாகப் போகிறதா?" கடிதம் போய்த் திரும்ப ஒன்றரை மாதம். "லேசாகப் போகிறது. தண்ணீர் மட்டும் வருவதில்லை" என்று பதில். அதைப் படித்துவிட்டுப் பணிமனையில் துள்ளிக் குதித்தார். "வாஷர்தான்யா! உள்ள தோல் வாஷர் தேஞ்சு போயிருக்கு. வேற ஒண்ணும் இல்ல!" ஒரு பிள்ளையின் படிப்பு, உள்ளங்கை அளவுத் தோல் துண்டுக்காக நின்றுபோயிருந்தது, தோழர்களே!

நம் பணிமனையிலேயே தோல் வெட்டினார். எப்படிக் கழற்றி மாட்டுவது என்று படம் வரைய வேண்டும். மூத்த மகள் நன்றாக வரைவாள், அவளைக் கேட்டார். பதின்மூன்று வயதுப் பெண். சொன்னாள்: "உங்க மூணாவதுக்கு நீங்களே வரைஞ்சுக்கங்க. முதலாவதுக்கு எப்ப நேரம் இருந்துச்சு உங்களுக்கு?"

அண்ணன் பென்சிலை எடுத்தார். தானே வரைய உட்கார்ந்தார். வால்வைப் பிரித்துப் போடத் தெரிந்த கைக்குப் பென்சில் பிடிக்கத் தெரியவில்லை. அடிபம்பு கொக்கு மாதிரி வந்தது. பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்த மகளுக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுங்கப்பா" என்று பென்சிலைப் பிடுங்கினாள். ஏழு தாள்கள். எந்த நட்டை முதலில் கழற்றுவது, கம்பியை எப்படித் தூக்குவது, எல்லாம் எண் போட்டு வரைந்தாள்.

பார்சல் போனது. வாஷர் பொருந்தவில்லை! அளவு சிறிதாகிவிட்டது. அதற்கும் அண்ணன் தளரவில்லை. பழைய வாஷரைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பச் சொன்னார். அந்தப் பிள்ளை கோடு போட்டு அனுப்பினாள். மறுபடி வெட்டினார், மறுபடி பார்சல். இரண்டாம் முறை சரியாக உட்கார்ந்தது. பள்ளி ஆசிரியரும் அந்த ஊர்த் தச்சர் ஒருவரும் மாட்ட, பிள்ளை தாள்களை ஒவ்வொன்றாகக் காட்டியபடி நின்றாளாம். பெண் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள்.

அந்தச் செய்தி வந்த கடிதம் அண்ணனுக்கு எழுதப்படவில்லை. "படம் வரைந்த அக்காவுக்கு" என்று வந்தது. அண்ணன் அதைப் பிரிக்காமல் மகளிடம் கொடுத்தார். அன்றிலிருந்து கடிதம் எழுதுகிற வேலை அக்காவுடையது.

அண்ணன் செய்தது எல்லாம் சரியா? மகளுக்கு மனத்தாங்கல் இல்லையா? இருந்தது. முந்தாநாள் அவள் என்னிடம் சொன்னாள்: "சைக்கிள் விஷயத்துல அப்பாவ நான் இன்னும் மன்னிக்கல சித்தப்பா. ஒரு வார்த்தை, 'சொன்னபடி வாங்கித் தர முடியலம்மா'ன்னு சொல்லியிருக்கலாம். கடைசி வரைக்கும் சொல்லல." செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். அண்ணன் குறையில்லாத மனிதர் என்று நான் சொன்னால், அவரே எழுந்து வந்து "நிதானம்யா" என்பார்.

சென்ற மாதம் ஒரு விடுமுறை நாளில், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழவில்லை. இதயம் நின்றுவிட்டது. முறைப்படி நிறுவனத்துக்குத் தகவல் சொன்னோம். பொறுப்பு ஏற்றவர் காலமானதால் விரும்பினால் இத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு படிவம் வந்தது. அந்தப் பிள்ளைக்குப் பதினேழு வயது. பள்ளிப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. இந்த முறை மூன்று பேராகக் கூடி உட்கார்ந்தார்கள். அண்ணி சொன்னார்: "அவருதான் போயிட்டாரு. பிள்ளை போகலையே." மூத்தவள் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. படிவத்தை வாங்கி, பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தோழர்களே, நாம் என்ன செய்யப்போகிறோம்? மாலை போட்டுவிட்டுக் கலைந்துவிடலாமா? செயற்குழு கூடி முடிவெடுத்திருக்கிறது. அந்தப் பள்ளியின் அடிபம்புக்கு ஆண்டுதோறும் வாஷர் நம் பணிமனையிலிருந்து போகும். அதே பள்ளியில் இன்னொரு பிள்ளையின் பொறுப்பை இந்த நிலையத் தொழிலாளர்கள் ஏற்கிறோம். இது இரங்கல் தீர்மானத்தில் எழுதி வைக்கிற வாக்குறுதி அல்ல. முதல் தவணை நேற்றே போய்விட்டது.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இன்னும் தெரியாது. நிறுவனத்தார் தாங்களே தெரிவிப்பதாகச் சொன்னார்கள். வேண்டாம், வீட்டிலிருந்துதான் சொல்ல வேண்டும் என்று அக்கா மறுத்துவிட்டாள். இன்று காலை அந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் படித்தேன். அரைப் பக்கம்தான்.

ஒரு வீட்டில் அப்பா இறந்துவிட்டால், நாம் அந்தப் பிள்ளையைத் தனியாக விடுவோமா? வாசலில் போய் நிற்போம். பேசத் தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவோம். அந்த வீட்டுக்கு நம்மால் போக முடியாது. அதனால் பக்கத்து அறையில் மேசை போட்டுத் தாள்கள் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். புத்திமதி வேண்டாம். உங்களுக்கு அவரைத் தெரியும் என்று எழுதுங்கள். அக்காவின் அரைப் பக்கத்தோடு அதுவும் சேர்ந்து நாளைக் காலைத் தபாலில் போகும்.

துக்கம் கேட்க அவ்வளவு தூரம் போகிறோம். வெறுங்கையோடு போக வேண்டாம், பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.