கோட்டைக் கதவை மூடியவர்களின் பெயரைக் காத்தவருக்கு

அந்தியோக்கியா நகரின் அருந்தவப் புதல்வரே, ஆளுநர் அலுவலகத்தின் அணையா விளக்கே, பாரசீகப் போர்களின் வரலாற்றைப் பழுதற எழுதிய பெருந்தகை எவாண்ட்ரியோஸ் அவர்களே, வணக்கம்.

பழைய ஆசிரியர்களின் நடைமேல் தாங்கள் கொண்ட காதலை நாடறியும். கண்ணெதிரே குதிரையேறி வரும் ஹூணரையும் பழம்பெயரிட்டுச் சித்தியர் என்றே எழுதுவீர்கள். "அவங்களே அந்தப் பேரக் கேட்டதில்லையே அண்ணே" என்று நாங்கள் சிரித்தால், "வாக்கியத்துக்கு அதுதாம்பா அழகு" என்பீர்கள். பெயரில் பழமை விரும்பிய தாங்கள், நடந்ததில் மட்டும் ஓர் எழுத்தையும் மாற்றியதில்லை.

வடக்கிலிருந்து வந்து நம் படையில் சேர்ந்த கோத்தர்கள் காவல் நின்ற எல்லைக் கோட்டை பாரசீகரிடம் வீழ்ந்த ஆண்டில், அதைக் காக்கத் தவறிய தளபதி நம் அலுவலகத்துக்கே வந்தார். "கோத்தனுங்கதான் கதவத் தொறந்துவிட்டானுங்கன்னு எழுதுய்யா. செத்தவன் வந்து மறுக்கவா போறான்?" என்றார். "மறுக்க முடியாதுங்கய்யா. அதனாலதான் விசாரிச்சுட்டு எழுதணும்" என்றீர்கள்.

அதற்குள் அந்தப் பழி ஊரெங்கும் பரவியிருந்தது. கதவருகே மாண்ட கோத்தர் படைவீரன் குந்திலாவின் மனைவி ரனில்டாவுக்கு, படைவீரர் குடும்பங்களுக்குத் தரும் அரசு ரொட்டி நிறுத்தப்பட்டது; பிள்ளைகளோடு கோயில் வாசலில் கையேந்தி நின்றாள். தாங்களோ பாரசீகரிடம் சிறைப்பட்டு மீண்டு வந்தோரைத் தேடிச் சத்திரம் சத்திரமாக அலைந்தீர்கள். கொல்லரும் கன்னியாஸ்திரீயும் கழுதைக்காரரும் தனித்தனியே ஒன்றையே சொன்னார்கள்: தளபதி பின்வாசல் வழியே ஓடினார், கோத்தர்கள் கடைசிவரை கதவை மூடிப் பிடித்தார்கள்.

நூலை மன்றத்தில் வாசிக்கும் நாளும் வந்தது. தளபதி முன்வரிசையில் அமர்ந்திருந்தார். எங்களில் ஒருவர் தங்கள் மேலாடையைப் பிடித்திழுத்து, "அண்ணே, அந்தப் பக்கத்த மட்டும் தாண்டிருங்க. வேலை போயிரும்" என்று கெஞ்சினார். "பக்கத்தத் தாண்டிரலாம் தம்பி. வெளிய போறப்ப தூணோரம் நிக்கிற அந்தம்மாவ எப்படித் தாண்டுறது?" என்று கேட்டுவிட்டு, முழுவதையும் வாசித்தீர்கள். பாதியிலேயே தளபதி எழுந்து போனார்.

கிரேக்கம் சரிவரத் தெரியாத ரனில்டா, தூணோரம் நின்றபடி பக்கத்திலிருந்தவரிடம், "எம்புருஷன் பேரச் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"சொன்னாரும்மா. கதவ விடாமப் பிடிச்சுக்கிட்டே செத்தார்னு சொன்னார்."

அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு அழுதாள். அந்த வாரமே அவள் பெயருக்கு ரொட்டி மீண்டும் வந்தது. தங்களுக்கோ மலைநாட்டுச் சுங்கச்சாவடிக்கு மாற்றல் வந்தது. அத்தளபதி பதவியிழக்கும் வரை அங்கேயே குளிரில் கிடந்தீர்கள். திரும்பி வந்த அன்று, எங்களில் எவர் அஞ்சி ஒதுங்கினோம் என்று ஒரு சொல்லும் கேட்காமல், மீன்சாறு ஊற்றிய பருப்பை எங்களோடு பகிர்ந்துண்டீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு முன் இன்றும் எங்கள் தலை தாழ்கிறது.

பணி ஓய்வு பெற்றுச் செல்லும் தாங்கள், லவோதிக்கேயாவில் தங்கையின் இல்லத்தில், கடற்காற்றும் கண்ணுக்கு ஓய்வும் பெற்று, நோயின்றி நெடுநாள் வாழ்க. எங்கள் காலத்தையும் நாளை எவரேனும் எழுதுவார். அவர் தங்களைப் போன்ற ஒருவராக வாய்க்கட்டும்.

அன்பில் என்றும் மாறாத,
ஆளுநர் அலுவலக எழுத்தர்கள்,
அந்தியோக்கியா.